டச்சுக் கோட்டையை வலம் வந்த வரலாறு

உலக வரலாற்றில் கோட்டையைப் பிடித்தவர்கள் உண்டு, இடித்தவர்கள் உண்டு. காப்பாற்றியவர்கள் மூன்றே பேர். மூவரும் திருவண்ணாமலைக்காரர்கள் என்பதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். அதில் முதல்வன் பஞ்சாட்சரமாகிய நான்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் மனு வாங்கி ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகு மனு கொடுக்கும் பக்கத்துக்கு மாறினேன். இவ்வாறாக 'அருணைப் பாரம்பரிய மீட்புப் பேரவை' உதயமாயிற்று. தலைவர் நான். செயலாளர், கைப்பேசியில் படம் எடுக்கும் சோமேஷ். துணைத்தலைவர், கீழ்பென்னாத்தூர் அப்பாதுரை. அவரிடம் வேன் இருந்தது. வேறு தகுதி நாங்கள் கேட்கவில்லை.

முதல் 'களப்பணி'க்குக் கடலோரத்திலுள்ள மணல்பட்டினம் டச்சுக் கோட்டையைத் தேர்ந்தெடுத்தோம். ஆயிரம் வருடக் கல்வெட்டில் அன்றாடம் சாய்ந்து உட்கார்கிறவர்களுக்கு முந்நூறு வருடச் செங்கல்லைக் கண்டால்தான் மெய்சிலிர்க்கிறது.

கோட்டை வாசலில் இறங்கியதும் மூவரும் செருப்பைக் கழற்றினோம். யாரும் சொல்லவில்லை. மதிலை வலப்பக்கம் வைத்து நடக்கத் தொடங்கினோம். அதையும் யாரும் சொல்லவில்லை.

"உள்ள போய் பாக்கலீங்களா தலைவரே?" என்றார் அப்பாதுரை, நடந்துகொண்டே.

"மொதல்ல ஒரு சுத்து வந்துடலாங்க. அப்புறம் உள்ள போலாம்" என்றான் சோமேஷ்.

கடலைப் பார்த்த கிழக்கு மதிலில் வலம் தடைப்பட்டது. மதிலில் சாய்ந்தபடி ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் பாஞ்சாலை என்கிற அம்மாள் நெத்திலியைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"இப்டி வழி இருக்குங்களா?" என்றேன்.

"வழி இல்லைங்க, என் கொட்டாய். வந்த வழியே திரும்பிப் போங்க."

திரும்புவதா? அப்பிரதட்சிணமாகவா? சோமேஷின் முகம் வெளுத்துவிட்டது.

"பாதியில திரும்பக் கூடாதும்மா" என்றேன்.

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூவருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கொட்டகைக்குள்ளேயே அழைத்துப் போய், அந்தப் பக்கத் தகரத்தை விலக்கி வெளியே விட்டார். வலம் பூர்த்தியாயிற்று.

"எங்கனா எழுதப் போறீங்களா?" என்று கேட்டார்.

"ஆய்வறிக்கை எழுதுவோம்மா."

"எழுதுங்க. என் கொட்டாய மட்டும் எழுதிடாதீங்க. இது போச்சுன்னா மீன் காயவெக்க எனக்கு வேற எடம் இல்ல."

"எழுத மாட்டோம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

வேன் திண்டிவனம் தாண்டுவதற்குள் எழுதிவிட்டேன். நான் பேனா எடுத்தால் அது மனுவாகத்தான் இறங்கும். 'மேற்படி புராதன மதிலைப் பொதுமக்கள் சுற்றிவர இயலாதவாறு கிழக்குப் புறத்தில் உள்ள ஆக்கிரமிப்பினை அகற்றிட ஆவன செய்யுமாறு...' அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆகவே வாக்குத் தவறவில்லை என்று தீர்மானித்தேன்.

"அந்தம்மா தண்ணி குடுத்துச்சே தலைவரே" என்றார் அப்பாதுரை.

"தனி மனுஷங்கள பாத்தா பாரம்பரியத்த காப்பாத்த முடியாதுங்க."



உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருடத்தில் என் மேசைக்கு வந்த மனு எதுவும் அடுத்த மேசைக்குப் போனதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதையும் அனுப்பினேன். பாழாய்ப்போனது, இருபதே நாளில் நிறைவேறிவிட்டது.

தை மாதம் மறுபடியும் போனோம். மதிலைச் சுற்றிலும் சிமெண்ட் நடைபாதை. தடையின்றி வலம் வந்தோம். சோமேஷ் நாற்பது படம் எடுத்தான். எனக்கு மட்டும் நடக்க நடக்கக் கால் கூசியது.

வேனுக்குத் திரும்பும்போது பாஞ்சாலையைப் பார்த்தோம். நெத்திலியைத் தார்ச்சாலை ஓரத்தில் பரப்பியிருந்தார். பாதிக்கு மேல் லாரிச் சக்கரம் ஏறியிருந்தது. நல்லதை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டு நிமிர்ந்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"இந்தக் கோட்ட கட்டறப்ப எங்க ஜனத்த சுவத்துக்கு வெளிய தள்ளிட்டாங்கன்னு சொல்வாங்க" என்றார். "ஆனா சுவத்துக்கு வெளிய இருக்க உட்டாங்க. நீங்க எந்த நாட்டுலேர்ந்து வந்தீங்க?"

ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டச்சு நாடு என்று சொல்லியிருந்தால், அவர் நம்பியிருப்பார்.