ராஜாவின் தங்கப் பிடரி

ஒரு காட்டில், சிங்கராஜாவின் குகைக்கு நேர் எதிரே, கம்ப்யூட்டரில் லோகோ வரைந்து தரும் கடை ஒன்று இருந்தது. முன்பு அங்கே வேலை பார்த்த முயல், ராஜா கேட்ட கலரைக் கொண்டுவரத் தவறியது. முயல் நல்ல ருசி என்று காட்டில் பேச்சு. அந்த நாற்காலியில்தான் இப்போது கொண்டையப்பன் என்ற மரங்கொத்தி உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் சாந்தமூர்த்தி என்ற ஆமை.

ராஜா ஆர்டர் கொடுத்தார். "என் பிடரியைத் தங்கத்துல வரை. அதுல என் பேரை வெட்டி எடு. ஓட்டை வழியா காடு தெரியணும். பேருக்குக் கீழே என் வால் மாதிரி ஒரு பிரஷ் இழுப்பு. அதையும் வெட்டு."

கொண்டையப்பனுக்கு வெட்டுவது, கொத்துவது எல்லாம் பிறவி ஆசை. பகலெல்லாம் பிடரியை முடி முடியாக வரைந்தான். பின்னால் காட்டுப் படத்தை வைத்தான். பிரஷ் இழுப்பை வெட்டிப் பார்த்தால் வால் வரவில்லை. மெல்லிசாக ஒரு கீறல்தான் விழுந்தது.

"அது வெறும் கோடுப்பா, மேலுக்குத்தான் பிரஷ் சட்டை போட்டிருக்கு. எழுத்தையும் அதையும் உருவமா மாத்திட்டு வெட்டு," என்றார் ஆமை. "முதல்ல இந்தப் படத்துக்கு ஒரு காப்பி எடுத்து ஓரமா வை. வெட்டினப்புறம் அது எழுத்து இல்ல, ஓட்டை. திருத்த முடியாது."

"போங்கண்ணே, ராஜா பேரு மாறவா போகுது?" என்று வெட்டி, சேவ் பண்ணி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அவன் பறந்து போனான்.

மறுநாள் காலை ராஜா வந்தார். "பிரமாதம்! சின்ன கரெக்‌ஷன். பேருக்கு முன்னாடி மாமன்னர்னு சேரு. எழுத்தைச் சின்னதாக்கு. அஞ்சு நிமிஷ வேலைதானே?"

கொண்டையப்பன் திரையைப் பார்த்தான். ஓட்டையை எப்படிச் சின்னதாக்குவது? பிடரியை மறுபடி வரைய ஒரு பகல் வேண்டும். ராஜாவோ பலகாரம் சாப்பிடாமல் வந்திருந்தார். வேறு வழி தெரியாமல் மொத்தப் பிடரியையும் அழித்தான். திரையில் காடு மட்டும் மிஞ்சியது.

"எங்கடா பிடரி?" என்று ராஜா உறுமினார்.

"மாமன்னர் பேரை ஒரு பிடரிக்குள்ள அடக்கலாமா, ராஜா?" என்றான் கொண்டையப்பன். "அதனால பிடரியையும் சேர்த்து வெட்டிட்டேன். இப்ப தெரியுற காடு மொத்தமும் உங்க பேருதான்."

ராஜா திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "நான் இவ்வளவு பெரிசாடா?"

அன்றே கொண்டையப்பனைக் கலை இயக்குநர் ஆக்கி, ஏசி வைத்த பொந்து ஒன்றும் கொடுத்தார்.

ராஜாவின் ராணிக்கும் ஒரு போஸ்டர் தேவைப்பட்டது; அந்த வேலை ஆமையிடம் போனது. "நீங்க எல்லாத்துக்கும் காப்பி வெச்சிருப்பீங்களாமே!" என்று ராணி சந்தோஷப்பட்டு, போஸ்டரில் இருந்த பூவை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார். பிறகு அந்தப் பக்கம். ஆமை இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

நீதி: காப்பி எடுத்து வைப்பவன் காலமெல்லாம் கரெக்‌ஷன் போடுவான்; எடுக்காதவன், அன்றைக்குத் தின்னப்படாவிட்டால், கலை இயக்குநர் ஆவான்.