மறக்காத குற்றம்

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே வெண்மேடு என்றொரு நாடு இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே தங்கள் அரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே அரசர் தேர்வானது தற்செயல் என்று அரசிதழ் விளக்கியது.

நாட்டின் தகவல்கள் அனைத்தும் தலைநகரில் ஒரே பெரிய கணினியில் இருந்தன. அதில் தட்டச்சு செய்துவந்தாள் தில்லைநாயகி. பத்தொன்பது வருட வேலை. யார் வந்து என்ன கேட்டாலும் தேடி எடுத்துச் சொல்லிவிடுவாள்.

பிறகு முதல் ஆணை வந்தது. தகவல் கேட்பவர், அந்தத் தகவல் தமக்கு ஏற்கெனவே தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். உதவித்தொகை ஏன் நின்றது என்று கேட்க வந்த விதவைகள், காரணம் தெரியாததால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இரண்டாம் ஆணைப்படி கடவுச்சொல்லை எழுதிவைப்பது குற்றம், நினைவில் வைத்திருப்பது சந்தேகத்துக்குரியது. மருத்துவமனையின் மருந்துப் பட்டியலை மூன்று நாட்கள் எவராலும் திறக்க முடியவில்லை. காய்ச்சல் மட்டும் அனுமதி கேட்காமல் பரவியது. மூன்றாம் ஆணை தட்டச்சர்களுக்கானது. அதிகாரி சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும், முடித்ததும் ‘மறந்துவிட்டேன்’ என்று கையெழுத்திட வேண்டும்.

ஒரு நாள் காலை துணைச் செயலர் சொன்னார்: “மேலணை. ஏழு மதகுகள். நாளைக் காலை ஆறு மணி. முழுத் திறப்பு.”

தில்லைநாயகி அடித்தாள். ‘மறந்துவிட்டேன்’ என்று கையெழுத்தும் போட்டாள். அணைக்குக் கீழே நாணற்கரையில் அவள் தங்கை குழலி இருந்தாள். கூடவே முந்நூறு பேர். மதியச் சாப்பாட்டைத் தில்லைநாயகி திறக்கவே இல்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி எழுந்தாள். கடைசியில் தகவல் காப்பு அமைச்சரின் அறைக்கே போய்விட்டாள்.

“ஐயா, மேலணைய நாளைக்குத் திறக்கறாங்களே, நாணற்கரைக்காரங்களுக்குச் சொல்லியாச்சுங்களா?”

அமைச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எந்த அணை?”

“காலையில நான்தானே ஐயா அடிச்சேன்.”

“அடித்தீர்கள். மறந்துவிட்டதாகக் கையெழுத்தும் இட்டிருக்கிறீர்கள். மறந்த விஷயத்தைப் பற்றி எப்படிக் கேட்கிறீர்கள்?”

“முந்நூறு பேர் இருக்காங்க ஐயா.”

“தாராளமாக விண்ணப்பிக்கட்டும். வெள்ளம் வரும் நேரத்தைச் சரியாகக் குறிப்பிட்டால் ஏழு நாளில் பதில் அனுப்புவோம்.”

அவள் தன் இருக்கைக்குத் திரும்பவில்லை. இரண்டு மணிப் பேருந்தைப் பிடித்தாள். வழி நெடுக ஜன்னல் வழியே ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். முழங்கால் அளவுத் தண்ணீர் ஒன்றும் அறியாததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

“என்னக்கா, சொல்லாமக் கொள்ளாம?” என்று பாத்திரம் துலக்கிய கையோடு ஓடிவந்தாள் குழலி.

“புள்ளைங்கள, ஆடு மாட்டக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போங்க. விடிஞ்சா தண்ணி வருது.”

ஊர் கூடியது. ஊர்த்தலைவர் மாசிலாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “அரசாங்கம் ஒண்ணும் சொல்லலையேம்மா?”

“சொல்லிச்சு. எங்கிட்ட மட்டும் சொல்லிச்சு. நான் சொல்றது பொய்னா உங்களுக்கு ஒரு ராத்திரித் தூக்கம்தான் போகும். நிஜம்னா என்ன போகும்னு நீங்களே யோசிங்க.”

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க மேட்டில் இருந்தது. மறுநாள் ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. ஏழு மணிக்குத் தென்னங்குருத்துகள் மட்டும் தெரிந்தன. வீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆள் ஒன்றுகூடக் குறையவில்லை.

எட்டாம் நாள் அரசர் அறிவித்தார்: “வெள்ளத்தில் ஓர் உயிரும் போகவில்லை. இது நமது இரகசியக் காப்புச் சட்டத்தின் மாபெரும் வெற்றி.” அன்று மாலையே தில்லைநாயகி கைதானாள். குற்றம், மறக்காமல் இருந்தது. எந்தச் சிறை என்பது இரகசியம்.

அறை நான்கு எட்டு வைத்தால் முடிந்துவிடும். அவள் அதற்குள் ஓயாமல் நடந்தாள். வீடு போனவர்களுக்குக் கூரை கிடைத்ததா, குழலிக்குக் காய்ச்சல் வந்திருக்குமா என்று மனம் அலைந்தது. சிறைக்கு வந்த பதினோராம் நாள் முற்பகல், மதிலுக்கு வெளியே தங்கையின் குரல் கேட்டது.

“ஒவ்வொரு சிறையாக் கேட்டுக்கிட்டு வர்றோம். எங்கக்கா தில்லைநாயகி இங்க இருக்காளாங்க?”

“அப்படி யாரும் இங்க இல்ல,” என்றான் வாயிற்காவலன்.

“குழலி! இங்கதான்டி இருக்கேன்!” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் தில்லைநாயகி.

பிறகு காவலனின் குரல் தாழ்ந்து வந்தது. “இப்ப கேட்ட சத்தம் அரசாங்க இரகசியம். உன் காதுல விழல. சரியா?”

“விழுந்துச்சு.”

“விழுந்துச்சுன்னா உன்னையும் உள்ள போடணும்மா. யோசிச்சுச் சொல்லு.”

“விழுந்துச்சுங்க.”

“எனக்கும் விழுந்துச்சு,” என்றது மாசிலாவின் குரல். “எங்க ரெண்டு பேருக்கும் விழுந்துச்சு,” என்றது இன்னொன்று. அப்புறம் யார் யாரோ. தில்லைநாயகி நடப்பதை நிறுத்தினாள். நாணற்கரை முழுவதும் அங்கே வந்திருந்தது.

காவலன் சிறையைத் திரும்பிப் பார்த்தான். அதில் மொத்தம் நாற்பது பேருக்குத்தான் இடம்.