அறிவியல்படி அத்தைக்கு நாற்பத்தெட்டு

மனித குலம் நூற்றிருபது வயதுவரை வாழவேண்டும் என்பது விஞ்ஞானி இளஞ்செழியனின் லட்சியம். அதற்கான மரபணு காவிரிக்கரையில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி, திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு ரத்தம் எடுக்க வந்தார். ரத்தம் கொடுத்தால் டிபன் பாக்ஸ் இலவசம். அடுத்த வீட்டுக் காத்தாயி அத்தை டிபன் பாக்ஸுக்காகத்தான் போனார்.

அத்தைக்கு அறுபத்தாறு வயது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. முதியோர் உதவித்தொகை வந்தால்தான் அடுப்பு எரியும்.

முடிவு வந்தது. அத்தையின் உடம்புக்கு வயது நாற்பத்தெட்டுதானாம். அபூர்வ மரபணுவாம். விஞ்ஞானி கூட்டம் போட்டு அத்தைக்குச் சால்வை போர்த்தினார். பேப்பரில் போட்டோ வந்தது. அந்தப் பேப்பரைத் தாலுகா ஆபீஸிலும் வாங்குகிறார்கள் என்பதுதான் சங்கடம்.

மறுமாதம் பணம் நின்றது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அத்தையோடு நானும் போனேன். உதவித்தொகை அதிகாரி தியாகராசன் கனிவாகவே பேசினார்.

"அறுபது ஆனவங்களுக்குத்தாம்மா பணம். அறிவியலை மீறி நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"ஆதார்ல அறுபத்தாறுன்னு இருக்குங்களே சார்."

"ஆதார் சொல்றது அரசாங்கம். ரத்தம் சொல்றது இவங்களே. இவங்க பேச்சை நாங்க நம்பவேண்டாமா?"

மூட்டு வலிக்கிறது என்று அத்தை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நாற்பத்தெட்டு வயதில் மூட்டு வலி வரக்கூடாதே, உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவர் மனப்பூர்வமாகக் கவலைப்பட்டார். அறுபது நிரம்பியதும் மனு கொடுக்கலாம், அதுவரை வந்து பார்த்துக்கொண்டிருக்கவும் என்று உத்தரவானது.

அத்தை அதை அப்படியே எடுத்துக்கொண்டு தினமும் போனார். ஒருநாள் சர்வர் வேலை செய்யாது. ஒருநாள் அதிகாரி வேலை செய்யமாட்டார். இரண்டும் வேலை செய்கிற நாளில் கரண்ட் போய்விடும். நாற்று விட்டபோது போகத் தொடங்கியவர் அறுப்பு முடிகிறவரை போனார். ராத்திரிச் சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில்.

விஞ்ஞானி இரண்டாவது தடவை ரத்தம் எடுத்தபோது அத்தையின் உடம்புக்கு வயது அறுபத்தொன்று. மரபணுவைக் காணோமே என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அதிகாரிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

"பன்னிரண்டு வருஷம் ஆகவேண்டியது. ஒரு போகத்துல முடிச்சுக் கொடுத்திருக்கோம். ஆபீஸ் மந்தம்னு இனிமே யாராவது பேசட்டும்."

விஞ்ஞானி விடவில்லை. தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்ற எல்லாரிடமும் ரத்தம் எடுத்தார். எல்லாருக்கும் வயது ஏறியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதிகாரியிடமும் எடுத்தார். ஐம்பத்தேழு வயதுக்காரர் ரத்தத்தில் முப்பத்தொன்பது. ஆராய்ச்சி பூர்த்தியானது: காத்திருப்பவருக்கு வயது ஏறுகிறது, காக்கவைப்பவருக்கு இறங்குகிறது.

ஊர் அன்றோடு மாறியது. தையல்காரி கமருன்னிஸா தைத்து முடித்த ஜாக்கெட்டையும் அடுத்த வாரம்தான் தருவேன் என்கிறாள். மினிபஸ் டிரைவர் ஆளை ஏற்றிக்கொண்டபின் டீ குடிக்க இறங்குகிறார். கொள்முதல் நிலையத்தில் நெல்மூட்டை எடைபோடுகிறவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேறு வேண்டுமா என்று சிரித்தாராம்.

அத்தைக்கு மட்டும் அந்த யோகம் இல்லை. வருஷா வருஷம் ரத்தச் சான்று தரவேண்டும், அறுபதுக்குக் கீழே இறங்கினால் பணம் நிற்கும் என்று புது விதி. ஆகவே அத்தை எங்கேயாவது காத்திருந்தாகவேண்டும். ஊரார் விட்டுவிடுவோமா? ரேஷன் கடைக்கு, பேங்குக்கு, கேஸ் சிலிண்டருக்கு, நெல்குவியலுக்குக் காவலுக்கு என்று எல்லா வீட்டுக் காத்திருப்பையும் அத்தையிடமே கொடுத்தோம். எங்களுக்கும் உபகாரம், அவருக்கும் நல்லது.

நேற்று மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கவேண்டியிருந்தது. அத்தையை வரிசையில் நிறுத்தினேன்.

"சீக்கிரம் வந்துடு தாயி. கால் கடுக்குது."

"இதோ வந்துர்றேன் அத்தை" என்று சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்குப் புடவை எடுக்கப் போனேன். கடைக்காரப் பையன் என்னைப் பார்த்து எந்தக் காலேஜ் என்று கேட்டான். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் நாலு கடை ஏறி இறங்கி, பொழுது சாய்ந்துதான் திரும்பினேன்.

ஆபீஸ் பூட்டியிருந்தது. அத்தை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வயது நன்றாக ஏறியிருந்தது.