காலி எடை

ஒன்பதாவது கரண்டியும் போய்ச் சுவரில் ஒட்டியது.

"அன்னு, செல்லம், அப்பாவுக்காக ஒரே ஒரு வாய்டா" என்று கிளமென்ட் மண்டியிட்டுக் கெஞ்சினான். மாதா கோயிலில்கூட அவன் இவ்வளவு நேரம் மண்டி போட்டதில்லை.

இருபது மாசப் பிள்ளை அன்னாள் கரண்டியைப் பார்த்தாள். வாயை இறுக்கி மூடினாள். அதோடு விட்டாளா? இரண்டு கையாலும் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள்.

அந்த மூக்கைப் பொத்துகிற காரியம்தான் கிளமென்டுக்குப் பொறுக்காது. ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை. பிறந்த அன்றிலிருந்து எழுபது நாள் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் பால் ஏற்றினார்கள். அப்புறம் நெஞ்சுச் சளி என்று இரண்டு தடவை மறுபடியும் குழாய். அன்றிலிருந்து முகத்துப் பக்கம் எது வந்தாலும் அவளுக்கு ஆகாது. தூக்கத்தில் கொஞ்சம் பால் குடிப்பாள், அவ்வளவுதான்.

பார்த்துக்கொள்ள வேண்டிய அம்மா வினோலியாவோ முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடக்கிறாள். ஆறு வாரம் அசையக் கூடாது. துணைக்கு அவள் அக்கா. பிள்ளை மொத்தமும் கிளமென்ட் தலையில்.

குழந்தை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இப்ப எட்டு கிலோ நானூறு. அடுத்த மாசம் ஒன்பது கிலோவாவது வரணும். வரலைன்னா திரும்ப டியூப்தான்."

"அதெல்லாம் வர வச்சிடறேன் சார்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவன்தான். இப்போது சுவரில் கேழ்வரகுக் கூழைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

சரி, பிள்ளை ஏறுகிறாளா இறங்குகிறாளா என்று மாசம் முழுக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்க முடியுமா? கூட வேலை செய்யும் சசிகுமார் வீட்டிலிருந்து எடை மெஷின் ஒன்றை வாங்கி வந்தான். அன்னாள் அதில் நின்றால்தானே! ஏற்றி விட்ட மறு நொடி கட்டிலுக்கு அடியில் இருந்தாள்.

எடை போடுவதில் கிளமென்டுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவன் பார்ப்பதே அந்த வேலைதான். தெர்மல் மின் நிலையத்திலிருந்து செங்கல் சூளைகளுக்குச் சாம்பல் ஏற்றிப் போகும் லாரிகளை எடைமேடையில் நிறுத்திச் சீட்டு அடிக்கிற கான்ட்ராக்ட் உத்தியோகம். லாரியின் காலி எடை கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருக்கும். சரக்கோடு ஏறினால் மொத்தத்தில் காலியைக் கழிக்க வேண்டியது, சீட்டைக் கிழிக்க வேண்டியது. எட்டு வருஷத்தில் ஒரு கிலோ பிசகியதில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம்கூட உண்டு.

ஆகவே தானே லாரி, பிள்ளை சரக்கு என்று முடிவு செய்தான். கேட் பாஸுக்காகப் போன வாரம்தான் மெடிக்கல் எடுத்திருந்தார்கள். அறுபத்தெட்டு கிலோ என்று எழுதி, டாக்டர் கையெழுத்தும் ரவுண்டு சீலும் போட்ட காகிதம். அன்னாளைத் தூக்கிக்கொண்டு ஏறினான். எழுபத்தாறு புள்ளி நாலு. அறுபத்தெட்டு போனால் எட்டு நானூறு! ஆஸ்பத்திரி எடையோடு அச்சு அசலாகப் பொருந்தியது. கிளமென்ட் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏறியபோது வந்தது ஏழு தொள்ளாயிரம்.

"அரைக் கிலோ போச்சே!" என்று அவன் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டு ஆதிலட்சுமி மாடிக்கு ஓடி வந்தாள். கிளமென்ட் ஷிப்டுக்குப் போகும் நேரத்தில் அன்னாளைப் பார்த்துக்கொள்கிற புண்ணியவதி. பண்ருட்டிப் பக்கத்துக்காரி.

"நாலு செவுத்துக்குள்ள வச்சிக்கினு ஊட்டனா எந்தக் கொழந்த துன்னும்? பால்கனிக்குத் தூக்கிக்கினு போ தம்பி. காக்கா காட்டி ஊட்டு."

காட்டினான். அன்னாளுக்குக் காக்காயை ரொம்பப் பிடித்துவிட்டது. பருப்புச் சோறு மொத்தத்தையும் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி அதற்கே போட்டாள். முதல் நாள் இரண்டு காக்காய் வந்தது. நாலாம் நாள் இருபது. காலை ஷிப்ட் முடிந்து கிளமென்ட் வண்டியை நிறுத்தும்போதே கைப்பிடிச் சுவரில் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். துணி காயப்போட முடியவில்லை என்று பிளாக்கே சண்டைக்கு வந்தது.

இரண்டாவது ஞாயிறு ஏழு இருநூறு.

கிளமென்டுக்குத் தூக்கம் போனது. இட்லி பிடிக்கவில்லையோ என்று இடியாப்பம், இடியாப்பம் பிடிக்கவில்லையோ என்று சேமியா. ஒரே வேளைக்கு நாலு தினுசு சமைத்தான். தனக்கென்று ஒரு தட்டில் சோற்றைப் போட்டுத் தரையில் வைப்பான். இரண்டாவது வாய் வைப்பதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கும். அணைத்துவிட்டு, கிண்ணம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் தட்டு துடைத்தது மாதிரி இருக்கும்.

"பாழாப்போன காக்கா வூட்டுக்குள்ளயே வந்துடுச்சு!" என்று துடைப்பத்தோடு பால்கனிக்கு ஓடுவான். திரும்பச் சமைத்துச் சாப்பிடத் தெம்பு ஏது? ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி மண்டி போடுவான்.

வினோலியா வீடியோ காலில் வந்தாள்.

"எப்படி இருக்கே வினோ? வலி குறைஞ்சிருக்கா?"

"அது கெடக்கட்டும். போனைப் பாப்பா பக்கம் திருப்புங்க. உங்க மூஞ்சியத்தான் அஞ்சு வருஷமாப் பாத்துக்கினு இருக்கேனே."

திருப்பினான்.

"சாப்பிடறாளாங்க?"

"ஓ! நல்லா" என்றான் கிளமென்ட். சொல்லிவிட்டு, போனை வைத்ததும் சமையல் கட்டில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டான். அழுகை வந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவளிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

சசிகுமார் வேறு ஒரு யோசனை வைத்திருந்தான். "எம் பொண்ணுக்கு நான் டான்ஸ் ஆடுவேன்டா. வாயப் பொளந்துக்கினு பாக்கும். பொளந்த கேப்ல கரண்டிய வுட்டுடணும்."

கிளமென்ட் ஆடினான். பாட்டு சத்தம் கேட்டு பிளாக் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கின. மூன்றாவது சுற்றில் கைலி நழுவியது. ஒரு கையில் கைலி, ஒரு கையில் கிண்ணம். கைலியைக் காப்பாற்றினான், கிண்ணம் போனது. அன்னாள் கைதட்டிச் சிரித்தாள். சிரித்த வாய்க்குள் கரண்டி நுழையப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, அன்று பாலையும் குடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். ஜன்னல் பிள்ளைகள் மட்டும் மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து, "அங்கிள், இன்னைக்கு டான்ஸ் இல்லையா?" என்று கேட்டன.

மூன்றாவது ஞாயிறு ஆறு அறுநூறு. நாலாவது ஞாயிறு ஆறே கிலோ.

எடைமேடையில் சசிகுமாரிடம் சொல்லும்போது கிளமென்டின் குரல் உடைந்துவிட்டது. "ஒரு மாசத்துல ரெண்டு கிலோ நானூறு போயிடுச்சுடா. என் கண்ணு முன்னாடியே பிள்ளை கரையுது."

"இன்னாடா சொல்ற? நேத்துகூட ஆதிலட்சுமி அக்கா இடுப்புல பாத்தேனே. கன்னமெல்லாம் உப்பிக்கினு நல்லாத்தான இருக்குது?"

"அது வீக்கம்டா!"

சசிகுமார் அடுத்த லாரியை மேடைக்குக் கைகாட்டினான். ஆறு கிலோவை யார்தான் மறுத்துப் பேச முடியும்?

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்த கையோடு, மத்தியானச் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் தொடாமல் வைத்தபடி, அன்னாளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனான். டியூப் போடும்போது பிள்ளை கையை யார் பிடித்துக்கொள்வது? தான்தான் பிடிக்க வேண்டும்.

நர்ஸ் அன்புக்கரசி அன்னாளை வாங்கி, குழந்தைகளுக்கான மெஷினில் பொத்தென்று உட்கார வைத்தாள்.

"ஒன்பது இருநூறு" என்று எழுதினாள்.

கிளமென்ட் எட்டிப் பார்த்தான். "சிஸ்டர், உங்க மெஷின் ரிப்பேர்."

"இன்னாங்க ரிப்பேரு? காலையில இருந்து முப்பது கொழந்த எடை பாத்துக்கினு இருக்கேன்."

"வீட்ல ஆறு கிலோதான் சிஸ்டர் காட்டுது. வாராவாரம் எறங்கிக்கினே வருது. நீங்க தப்பா எழுதி, டாக்டர் டியூப் வேணாம்னு அனுப்பி, பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" டியூப் கூடாது என்று ஒரு மாசமாக மண்டி போட்டவன், இப்போது டியூப்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். காத்திருந்த தாய்மார்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் எடை போடறதுலயே வேலை பாக்கறவன். தூக்கிக்கினு ஏறுவேன், என் எடை அறுபத்தெட்டைக் கழிப்பேன். சீல் வச்ச எடை சிஸ்டர்!"

அன்புக்கரசி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பாப்பாவ எறக்கி வுட்டுட்டு, அந்தப் பெரிய மெஷின்ல நீங்க ஏறுங்க."

"நான் எதுக்கு?"

"ஏறுங்கன்றேன்."

அன்னாளைத் தரையில் விட்டுவிட்டு ஏறினான். அன்னாள் நேராக அவன் பைக்குப் போனாள். டிபன் பாக்ஸை உருட்டினாள், தட்டினாள், மூடி கழன்றது. உள்ளே கருவாட்டுக் குழம்புச் சோறு.

"ஐயோ, அது காரம்டி!"

"ஆடாதீங்க, நம்பர் ஓடுது" என்று அன்புக்கரசி அதட்டினாள்.

கிளமென்ட் நின்ற இடத்திலேயே நின்றான். அன்னாள் ஒரு பிடி அள்ளினாள். வாயில் போட்டாள். சவுக்சவுக்கென்று மென்றாள், விழுங்கினாள், விரலை நக்கினாள், ரொம்ப நாள் பழக்கப்பட்டவள்போல அடுத்த பிடிக்குக் கையை விட்டாள். மூக்கைப் பொத்தவில்லை. கிளமென்டுக்குக் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. காரமாவது கீரமாவது, தின்னட்டும் என்று இருந்தது.

அன்புக்கரசி மெஷினைப் பார்த்தாள், காலியாகிக்கொண்டிருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தாள், பிறகு சீட்டில் எழுதியபடியே சொன்னாள்:

"அறுபத்து நாலு எண்ணூறு. உங்க சோத்த ஒரு மாசமா இதுதான் துன்னுக்கினு இருக்குது. டியூப் போடணும்னா உங்களுக்குத்தாங்க போடணும்."