ஆடாமல் படுத்தவர்

"ஆள் உயிரோட இல்லம்மா" என்று சுவாமிநாதன் உண்மையைத்தான் சொன்னார்.

ஆழ்வார்பேட்டை எக்ஸ்ரே நிலையத்தின் கவுண்டரில் இருந்த ஜெயபாரதி பேனாவை மூடி வைத்தாள். "அப்போ போலீஸ் லெட்டர் வேணும்."

வெளியே வேனில், நீளப் பெட்டிக்குள் படுத்திருந்தவர் செத்து ஆயிரத்து இருநூறு வருஷம் ஆகியிருந்தது. எங்கோ ஒரு பாலைவனத்து உப்பு மணலில், யாரும் எந்த மருந்தும் பூசாமல், தானாகவே காய்ந்து கெடாமல் கிடந்த உடம்பு. அடையாறு ஆராய்ச்சிக் கூடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மாதத்துக்கு இரவலாக வந்தது. நாளைக் காலை மீனம்பாக்கத்தில் விமானம் ஏற வேண்டும். இடுப்பெலும்பைப் படமெடுக்காமல் திருப்பி அனுப்பினால், புரொபசர் தன் உதவியாளர் சுவாமிநாதனையும் கூடவே அனுப்பிவிடுவார்.

"உயிரே இல்லாத மாதிரி அவ்வளவு பலவீனம்னு சொல்ல வந்தேன்."

"தெளிவா சொல்லுங்க சார். பேரு?"

கையிலிருந்த இரவல் கடிதத்தின் அடியில் புரொபசரின் கையெழுத்து கண்ணில் பட்டது. "ராஜரத்தினம்."

"வயசு?"

"ஆயிரத்..." என்று தொடங்கியவர் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். பேரைக் கொடுத்தாயிற்று, வயதையும் புரொபசரிடமிருந்தே எடுத்துக்கொண்டார். "ஐம்பத்தெட்டு."

"ஏதாவது சாப்பிட்டாரா?"

"ரொம்ப நாளாவே ஒண்ணும் இல்ல."

"நல்லதாப் போச்சு. நடந்து வருவாரா?"

"தூக்கிண்டு வந்துடறோம்."

வேன் டிரைவரும் அவருமாகப் பெட்டியிலிருந்து எடுத்து, போர்வையோடு மேஜையில் கிடத்தினார்கள். படமெடுக்கும் மிக்கேல் போர்வைக்குள் கைவிட்டுக் காலைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னா சார், கட்ட மாரி கீது? டாக்டர இட்டுக்கினு வரட்டா?"

"வேணாம்பா. புது ஆளைக் கண்டா அவருக்கு ஆகாது."

மிக்கேல் தடுப்புக்குப் பின்னால் போனான். "பெரியவரே, மூச்ச இழுத்துப் புடி. அப்டியே இரு." மெஷின் உறுமி ஓய்ந்தது. "இப்ப வுடு." வெளியே வந்து சுவாமிநாதனிடம் சொன்னான்: "பத்து வருஷமா இந்த வேலைல கீறேன் சார். இவ்ளோ ஆடாம படுத்தவரு யாருமில்ல."

படத்துக்காகக் காத்திருந்து வாங்கிக்கொண்டு கிளம்பியபோது ஜெயபாரதி குரல் கொடுத்தாள். "போனதும் கொஞ்சம் கஞ்சி குடுங்க."

"ஆகட்டும்மா."

மாலை, புரொபசர் ராஜரத்தினம் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினோரு வருஷ வேலையில் முதல் தடவையாகச் சுவாமிநாதனின் தோளில் தட்டினார்.

"எழுதிக்கய்யா. இடுப்பு சுத்தமாத் தேய்ஞ்சிருக்கு. இது சுமை தூக்கினவன் எலும்பு இல்ல. வாழ்நாள் பூரா ஒரே இடத்துல உட்கார்ந்துக்கிட்டு, அடுத்தவனை ஏவியே காலத்தை ஓட்டியிருக்கான். கூட இருந்தவன் பாடு திண்டாட்டம்தான்."

அந்தக் காலத்து ஏவலாள்மேல் சுவாமிநாதனுக்குத் திடீரென்று ஒரு பாசம் வந்தது. "ரொம்பப் பாவம் சார்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சொல் விடாமல் நிறைவாக எழுதினார். கடைசி வரியின் கீழே கோடும் போட்டார்.

புரொபசர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது, வாசலில் ஜெயபாரதி மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் விலாசம் எழுதின ஒரு கவர்.

"மன்னிச்சிடுங்க சார். ஒரே பேரு, ஒரே வயசு, கவர் மாறிப்போச்சு. அந்தப் பெரியவர் படம் இதுல இருக்கு. நீங்க பாத்துக்கிட்டிருக்கிறது, இன்னைக்குக் காலைல இடுப்பு வலின்னு நீங்க வந்து எடுத்துக்கிட்டது."