சித்தர் மலைக்கு நான் கட்டிக்கொண்டு போன பொட்டலங்கள்

“புள்ளைய கோயமுத்தூர் வரைக்கும் அனுப்பிட்டு, அப்புறம் தேடிப் போக நாம எந்த பஸ்ல ஏறுறது?”

என் பெரியப்பா கேட்ட கேள்வி இது. பேரையூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தினமும் பஸ்ஸில் மதுரைக்குப் போய் பி.எஸ்சி. கணக்கு முடித்திருந்தேன். கோவையில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அம்மாவுக்குச் சம்மதம். அப்பா வாயே திறக்கவில்லை. ஆகவே பெரியப்பா தீர்ப்பைச் சித்தரிடம் தள்ளினார். செவ்வாய்க்கிழமை மலையேறி, ஜீவசமாதியில் பூக் கேட்பது என்று முடிவானது.

பூக் கேட்பது எளிய காரியம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்து நூல் சுற்றி சாமி முன்னால் வைக்க வேண்டும். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்.

கணக்குப் படித்தவளுக்கு இது எப்படித் தோன்றும்? பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூன்று வருடம் பஸ் படிக்கட்டில் தொங்கி வாங்கிய பட்டத்தைப் பாதிக்குப் பாதியில் விடுவதா? பொட்டலம் கட்டும் வேலையை அம்மா என்னிடம்தான் கொடுத்தார். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். மிஞ்சிய சிவப்பு ரோஜாவை வீணாக்க மனமில்லாமல் தலையில் வைத்துக்கொண்டேன். (மோசடி செய்பவர்கள் தடயத்தைத் தலையில் சூடக்கூடாது என்று எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.)

மலையேறும்போது என் திமிரைப் பார்த்திருக்க வேண்டும். பெரியப்பா இருபது படிக்கு ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, “மெதுவா வாங்க பெரியப்பா, சாமி எங்கேயும் போயிறாது” என்றேன். ஜெயித்த கட்சிக்காரியின் பெருந்தன்மை.

உச்சியில் சமாதி முன்னால் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தது. பூசாரி பொட்டலங்களை வாங்கிப் பீடத்தில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

“எந்தப் பூ வந்தா சம்மதம்? சொல்லுங்க.”

“எப்பவும் வெள்ளைதானே?” என்று நான் முந்தினேன்.

“அது கீழ இருக்க கோயில்கள்ல தாயி. இந்த மலையில கேக்க வந்தவுகதான் பூவைச் சொல்லணும். பெத்தவ சொல்லட்டும்.”

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். “செவப்பு வந்தா எம்புள்ள போகட்டும் சாமி.”

ஒன்று என்றிருந்த என் நிகழ்தகவு ஒரே மூச்சில் பூஜ்ஜியமானது.

“அம்மா, வெள்ளைன்னு மாத்திச் சொல்லும்மா!”

“சும்மா இருடி. சாமிகிட்ட சொன்னத மாத்துவாகளா? செவப்புதான் எனக்கு ராசி.”

பூசாரி எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

“சித்தரே சொல்லிட்டாரு” என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “இறங்குவமா?”

அம்மாவின் கண்ணில் நீர் நின்றது. தான் தவறான பூவைச் சொல்லி என் படிப்பைக் கெடுத்துவிட்டதாக நினைக்கிறார் என்று புரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பீடத்தில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து எல்லார் முன்னாலும் பிரித்தேன். அதுவும் வெள்ளை.

“அப்ப செவப்பு எங்க?” என்றார் பூசாரி.

அம்மா மெல்லத் திரும்பி என் தலையைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

“அடி களவாணி! சாமியவே ஏமாத்துறியா?” பெரியப்பாவின் குரல் பாறையில் மோதித் திரும்பியது. எனக்கு இரண்டு முறை கேட்டது.

உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நான் தலை குனியவில்லை. “பொய்யாக் கட்டுனது தப்பு. அதுக்கு இப்பவே சாமிகிட்ட விழுந்து மன்னிப்புக் கேக்குறேன். ஆனா உங்க மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனப்ப எந்தப் பூவைக் கேட்டீங்க பெரியப்பா? எனக்கு மட்டும் எதுக்குப் பூ?”

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு வியர்வை அந்த உச்சிக்காற்றில் யாருக்கும் வராது.

“முறையாக் கட்டித் திரும்பக் கேட்டுருவமா?” என்றார் பூசாரி சங்கடத்தோடு.

“வேணாம் சாமி” என்றார் அப்பா. அன்று முழுக்க அவர் பேசிய முதல் வார்த்தை. பிறகு பெரியப்பாவிடம் திரும்பினார். “பொட்டலம் பொய்யின்னா சாமி இன்னும் பதிலே சொல்லலைன்னுதானண்ணே அர்த்தம்? அவர் சொல்லலைன்னா நாமதான் சொல்லணும். பெத்தவன் சொல்றேன், புள்ள போகட்டும்.”

கணக்கில் பட்டம் வாங்கிய எனக்கு இந்த வழி தோன்றவில்லை. சமாதி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். மன்னிப்பு பாதி, சந்தோஷம் பாதி.

நாங்கள் இறங்குவதற்குள் செய்தி இறங்கிவிட்டது. அடிவாரத்தில் சுக்குமல்லிக் காப்பி விற்ற அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, “சித்தர் பூவைப் புடுங்கித் தலையில வச்ச புள்ள நீதானா?” என்று கேட்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் “இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டு” என்பார்கள். அம்மா கேட்பார், அத்தை மகள்கள் கேட்பார்கள். பெரியப்பா கேட்டுவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். சிரிக்கட்டும். எம்.எஸ்சி. முடித்துவிட்டேன். போன வாரம் ஆராய்ச்சிப் படிப்புக்கு சென்னையிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. ‘சம்மதம்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்த்துவிட்டு, அதன் பிறகுதான் வீட்டுக்குப் போன் செய்தேன்.