மரம் ஒழிந்தது, நீ வரலாம்

அன்புள்ள இல்லத்தரசிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நலம். அங்கே எல்லோரும் நலம் என்று மருமகன் போனில் சொன்னார். நீதான் என் போனை எடுப்பதில்லை என்று சபதம் செய்திருக்கிறாய், அதனால் கடிதம். இங்கே நலமில்லாதவை அந்த மூன்று மரங்கள் மட்டும்தான்.

"இந்த வீட்ல ஒண்ணு அந்த மரம் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாயே, நீதான் இருக்கப் போகிறாய். நர்சரியில் சும்மா கொடுத்தார்கள் என்று உன் அண்ணன் கொண்டுவந்து நட்ட, பேர் ஊர் தெரியாத அந்த மரங்கள் ஒழிந்தன. இனி காயும் துணியில் கம்பளிப்பூச்சி விழாது, நீயும் உடம்பெல்லாம் தடித்துப்போய்ச் சொறிந்துகொண்டு உட்கார வேண்டாம்.

மரம் வெட்டுகிறவர் முதல் மரத்தைப் பார்த்துவிட்டு, "தெருப் பக்கம் சாய்ச்சுடலாம் சார்" என்றார். "அதெல்லாம் வேணாம், பின்பக்கம் சாய்ங்க, நான் கயிறு பிடிக்கறேன்" என்றேன். பிடித்தேன். மரம் குளியலறைக் கூரைமேல் போய் உட்கார்ந்தது. பரவாயில்லை, இப்போது குளிக்கும்போது நல்ல வெளிச்சம். இரண்டாவதற்குக் கயிற்றை என் ஸ்கூட்டரில் கட்டினோம், மரம் விழுந்தது, ஸ்கூட்டரும் கூடவே போய் அதன் அடியில் படுத்துக்கொண்டது. மூன்றாவது மட்டும் சொன்ன இடத்தில் சமர்த்தாக விழுந்தது, ஆனால் துணிக்கொடியின் ஒரு முனை அதில்தான் கட்டியிருந்தது என்பதும், நீ வந்ததும் கட்டிக்கொள்ளட்டும் என்று நானே துவைத்துப் போட்ட நீலப் புடவை அந்தக் கொடியில்தான் காய்ந்தது என்பதும் அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

கிளைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்றார் அவர். நான் விடுவேனா? நேராக இருந்ததையெல்லாம் ஆளுயரக் கம்பாக வெட்டி, வீட்டைச் சுற்றி வேலி போட்டுவிட்டேன். மண் இறுகட்டும் என்று காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன், ஒரு கம்பு அசையவில்லை. எதிர் வீட்டம்மா, "எங்களுக்கும் கொஞ்சம் குடுங்களேன்" என்று கேட்டார், கொடுத்தேன். அவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டு வாத்தியார், அவரைப் பார்த்து மூலை வீடு, இப்போது தெரு முழுக்க நம் கம்புதான். என்னை மூளைக்காரர் என்கிறார்கள். மருமகனுக்கும் வேனில் ஒரு கட்டு அனுப்பினேன் அல்லவா, உன் ஜன்னலுக்கு நேரே நட்டிருக்கிறாராம். தவறாமல் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறேன்.

ஆகையால் கோபத்தை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறு. நீ இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, இந்த வரியை மகளிடம் படித்துக் காட்டாதே. அவளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகளைச் சொல்.

இப்படிக்கு,
மூன்று மரங்களையும் வென்ற
உன் வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு வேலிக்குத் தண்ணீர் விடப் போனேன். ஒட்டியதைப் பிரித்து இதை எழுதுகிறேன். எல்லாக் கம்பும் துளிர்த்திருக்கிறது. அதே இலை. எதிர் வீட்டம்மா வாசலில் நின்றுகொண்டு, "சார், எங்க வேலியும் முளைக்குதே" என்கிறார். வாத்தியார் இப்போதே முதுகைச் சொறிகிறார். நீ எழுந்து போய் அந்த ஜன்னலைத் திறந்து பார். பார்த்தாயா? இனி எந்த வீட்டில் இருந்தாலும் உனக்கு இந்த மரம்தான். அதற்கு நம் வீட்டுக்கே வந்துவிடு. கை எட்டாத இடத்தில் சொறிந்துவிட இங்கே நான் இருக்கிறேன்.